கடைசி வினாடிகளில் வேண்டுமென்றே செய்யும் ஃபவுல்: லாக்ரோஸ் நடுவரால் என்ன செய்ய முடியும்?

ஆட்டம் முடிய இன்னும் 12 வினாடி. நீல அணி 9, வெள்ளை அணி 8. பந்து வெள்ளை அணியிடம் இருக்கிறது. அவர்களுடைய ஷூட்டர் ஒருவர் தன்னைத் தடுத்து நின்றவரைத் தாண்டி கோலை நோக்கிப் பாய்கிறார். தோற்றுப்போன தடுப்பாளர் பின்னாலிருந்து இரண்டு கைகளாலும் அவரைக் கட்டிப் பிடிக்கிறார். நடுவர் மஞ்சள் கொடியை வீசுகிறார். பிடிபட்டவர் எப்படியோ பந்தைப் பக்கத்தில் இருந்தவருக்குத் தள்ளிவிடுகிறார், ஆனால் நல்ல வாய்ப்பு போய்விட்டது. இரண்டு மூன்று பாஸ்கள், அவசரமாக ஒரு ஷாட், கோல்கீப்பர் தடுக்கிறார், ஹாரன் ஒலிக்கிறது. நீல அணி வென்றுவிட்டது.

இந்த ஆட்டத்தைப் புதிதாகப் பார்க்கும் யாருக்கும் இங்கே இரண்டு கேள்விகள் வரும். விதியை மீறியவர்களே வென்றுவிட்டார்களே, இது எப்படிச் சரி? நடுவர் கொடி வீசியதோடு ஏன் நின்றுவிட்டார்? இரண்டுமே நியாயமான கேள்விகள். பதில் தெரிய வேண்டுமென்றால் லாக்ரோஸில் தண்டனை எதனால் அளக்கப்படுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஆண்கள் ஃபீல்ட் லாக்ரோஸில் ஓர் அணிக்கு 10 பேர். நுனியில் வலைப் பை கட்டிய ஸ்டிக்கால் சிறிய ரப்பர் பந்தைப் பிடித்து, சுமந்து, எறிந்து, 6 அடி உயரமும் 6 அடி அகலமும் உள்ள கோலுக்குள் போட வேண்டும். வட அமெரிக்கப் பூர்வகுடிகளிடமிருந்து வந்த ஆட்டம் இது. 1904, 1908 ஒலிம்பிக்கில் பதக்க ஆட்டமாக இருந்தது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அணிக்கு ஆறு பேர் ஆடும் 'சிக்ஸஸ்' வடிவத்தில் திரும்ப வருகிறது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டம் 15 நிமிடக் கால்பகுதிகள் நான்கு; உயர்நிலைப் பள்ளி ஆட்டம் 12 நிமிடக் கால்பகுதிகள் நான்கு. நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எத்தனை பேர் நிற்கலாம் என்று வரையறை இருப்பதால், பொதுவாக ஆறு பேர் தாக்க, ஆறு பேரும் ஒரு கோல்கீப்பரும் தடுப்பார்கள். இந்த ஆறுக்கு ஆறு என்ற சமநிலையைத்தான் தண்டனை உடைக்கிறது.

ஆண்கள் ஆட்டத்தில் ஃபவுல் இரண்டு வகை. தள்ளுவது, பிடித்து நிறுத்துவது, ஆஃப்சைடு (நடுக்கோட்டு வரையறையை மீறி ஒரு பக்கத்தில் ஆள் கூடுவது), ஆட்களை மாற்றும்போது வரும் தவறுகள் போன்றவை டெக்னிக்கல் ஃபவுல். எதிரணியிடம் பந்து இருக்கும்போது இதைச் செய்தால் செய்தவர் 30 வினாடி வெளியே உட்கார வேண்டும். பந்து யாரிடமும் இல்லாமல் தரையில் கிடக்கும்போது செய்தால் பந்து மட்டும் எதிரணிக்குப் போகும். ஸ்டிக்கால் ஓங்கி அடிப்பது, காலை இடறி விழவைப்பது, தேவையில்லாத முரட்டுத்தனம், விளையாட்டுப் பண்புக்கு மாறான நடத்தை ஆகியவை பர்சனல் ஃபவுல். இதற்கு 1 முதல் 3 நிமிடம் வரை வெளியே இருக்க வேண்டும். தண்டனை நடக்கும் நேரம் முழுக்க அந்த அணி ஓர் ஆள் குறைவாக ஆடும். ஆறு பேர் தாக்க, ஐந்து பேர் தடுப்பார்கள். நல்ல அணிக்கு இது கோல் போடக் கிடைக்கும் மிகச் சிறந்த வாய்ப்பு.

அப்புறம் அந்த மஞ்சள் கொடி. தாக்கும் அணியிடம் பந்து இருக்கும்போது தடுக்கும் அணி ஃபவுல் செய்தால் நடுவர் உடனே விசில் ஊதுவதில்லை. கொடியை வீசிவிட்டு ஆட்டத்தைத் தொடர விடுவார். இதை 'ஸ்லோ விசில்' என்கிறார்கள். பாதிக்கப்பட்ட அணி ஏற்கெனவே கோலை நெருங்கிக்கொண்டிருக்கலாம். அப்போது விசில் ஊதி நிறுத்தினால் தவறு செய்தவனுக்கே உதவியதாகிவிடும். பந்து எல்லைக்கு வெளியே போவது, தடுக்கும் அணி பந்தைக் கைப்பற்றுவது போல ஏதாவது நடந்ததும்தான் விசில் வரும். எவையெல்லாம் ஸ்லோ விசிலை முடிக்கும் என்பது விதிப் புத்தகத்துக்குப் புத்தகம் கொஞ்சம் மாறும். கொடி கிடக்கும்போதே கோல் விழுந்துவிட்டால் டெக்னிக்கல் ஃபவுலின் 30 வினாடி அந்தக் கோலோடு தீர்ந்துவிடும்.

ஆட்டத்தின் முதல் 55 நிமிடங்களுக்கு இது அழகான ஏற்பாடு. கடைசி நிமிடத்தில் இதே ஏற்பாடு காலை வாருகிறது. ஸ்லோ விசிலின்போது கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதுதான் காரணம்.

கணக்கைப் பாருங்கள். இரண்டாம் கால்பகுதியில் ஒருவர் 30 வினாடி வெளியே போனால் அவர் அணி அந்த 30 வினாடியையும் முழுதாக அனுபவிக்க வேண்டும். கோல் விழுந்தால் மட்டும் முன்கூட்டியே வரலாம். அதே தண்டனை 4 வினாடி மிச்சமிருக்கும்போது கிடைத்தால் அதில் 26 வினாடி எங்கும் செலுத்தப்படாமல் போகிறது. கடுமையான ஃபவுல் என்று 3 நிமிடம் கொடுத்தாலும் அந்த ஆட்டத்தில் அவர் வெளியே இருக்கப்போவது அதே 4 வினாடிதான். தண்டனையை நேரத்தால் அளக்கும் எந்த ஆட்டத்திலும் நேரம் தீரத் தீரத் தண்டனையும் தேய்ந்துகொண்டே போகும். கடைசி 10 வினாடியில் ஃபவுல் அநேகமாக இலவசம். பயிற்சியாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கோல் விட்டால் சமநிலை, பிடித்துவிட்டால் வெளியே ஒரு சில வினாடி என்ற நிலையில் தடுப்பாளரின் கை தானாகவே நீளும்.

ஸ்கோரைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறும். சமநிலையில் இருக்கும் ஆட்டத்தில் இது இலவசமே அல்ல. செலுத்தாத தண்டனை நேரம் கூடுதல் நேரத்துக்கும் தொடரும். அங்கே முதல் கோல் போடுகிறவர்தான் வெற்றியாளர். 26 வினாடி ஓர் ஆள் குறைவாகத் தொடங்குவது பெரிய ஆபத்து. ஆகவே வேண்டுமென்றே செய்யும் ஃபவுலின் இயல்பான இடம் ஒன்றே ஒன்று: ஒரு கோல் முன்னிலையில் இருக்கும் அணி, பந்து எதிரணியிடம், கடிகாரத்தில் சில வினாடிகள்.

கூடைப்பந்து பார்த்துப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். அங்கே பின்தங்கிய அணிதான் கடைசியில் ஃபவுல் செய்யும். விசில் ஊதியதும் கடிகாரம் நிற்கும், எதிரணி ஃப்ரீ த்ரோ எறியும், அதன் பிறகு பந்து தங்களிடம் வரும் என்ற கணக்கு. லாக்ரோஸில் அந்தக் கணக்கு வேலை செய்யாது. பாதிக்கப்பட்ட அணி பந்தை இழப்பதே இல்லை. பந்தும் அவர்களிடம், கூடுதல் ஆளும் அவர்களுக்கு. பின்தங்கிய அணி வேண்டுமென்றே ஃபவுல் செய்தால் அது தன் குழியைத் தானே தோண்டுவது. பந்தை வைத்துக்கொண்டு சுற்றும் எதிரணியைத் துரத்தி அவர்கள் செய்யும் ஃபவுல்களில் பெரும்பாலானவை அவசரத்தில் நடப்பவை, திட்டமிட்டவை அல்ல. கடைசி நிமிடத்தில் எந்த அணியின் மீறலை எந்தக் கண்ணோடு பார்ப்பது என்று நடுவர் முடிவு செய்ய இந்த வேறுபாடு மிகவும் உதவும்.

முன்னிலையில் இருப்பவர்கள் செய்யும் எல்லாமும் மீறல் அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கடைசி வினாடிகளில் பந்தைப் பிடித்த கோல்கீப்பர் அதை முழு பலத்தோடு எதிர் முனைக்கு வானளாவ எறிந்தால் அது சட்டபூர்வமான தந்திரம். 'கில்மன் கிளியர்' என்று இதற்குப் பெயரே உண்டு. பந்து அங்கே போய் விழுந்து யாராவது எடுத்துத் திரும்பக் கொண்டுவருவதற்குள் நேரம் போய்விடும். பந்தை எல்லைக்கு வெளியே எறிந்தாலும் அது எதிரணிக்குப் போகுமே தவிர, அதற்கு மேல் குற்றம் இல்லை. கோலைத் தாக்காமல் பந்தைச் சும்மா சுமந்து திரிவதற்கு மட்டும் விதிகள் தனியாக உண்டு. பள்ளி விதிகளில் கடைசி 2 நிமிடங்களில் குறுகிய முன்னிலையில் இருக்கும் அணி பந்தைக் கோலைச் சுற்றிய பெட்டிப் பகுதிக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். வெளியே கொண்டுபோனால் பந்து பறிபோகும். அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஆட்டத்தில் 2019 முதல் 80 வினாடி ஷாட் கிளாக் இருக்கிறது, அதாவது பந்து கிடைத்த அணி அந்த நேரத்துக்குள் கோலை நோக்கி ஷாட் எடுத்தாக வேண்டும். சிக்ஸஸில் அது 30 வினாடிதான். இந்தக் கடிகாரங்கள் வந்த பிறகு முன்னிலை அணி பந்தைப் பதுக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் ஷாட் கிளாக் பந்து வைத்திருக்கும் அணியைத்தான் கட்டுப்படுத்தும். தடுக்கும் அணி செய்யும் ஃபவுலை அது தொடுவதே இல்லை.

சரி, நடுவரிடம் வருவோம். மனதுக்குள் இருக்கும் நோக்கத்தை வெளியே நிற்கும் ஒருவர் எப்படித் தீர்ப்பது? பெரும்பாலான டெக்னிக்கல் ஃபவுல்களில் விதிப் புத்தகம் அதைக் கேட்பதே இல்லை. பிடித்தால் பிடித்ததுதான், தெரியாமல் பிடித்தாலும் தெரிந்து பிடித்தாலும் 30 வினாடி. பர்சனல் ஃபவுலில்தான் கதவு திறக்கிறது. 1 முதல் 3 நிமிடம் என்ற அந்த இடைவெளியில் எவ்வளவு கொடுப்பது என்பதை ஃபவுலின் கடுமையையும், நோக்கம் என்று நடுவருக்குத் தெரிவதையும் வைத்து முடிவு செய்ய வேண்டும் என்று அமெரிக்கப் பள்ளி, கல்லூரி விதிகள் வெளிப்படையாகவே சொல்கின்றன. அதாவது நோக்கத்தைப் பார்ப்பது நடுவர் தானாக எடுத்துக்கொள்ளும் உரிமை அல்ல. விதியே அவர் கையில் கொடுத்த வேலை.

இதில்தான் பலருக்குத் தெரியாத ஒரு கருவி இருக்கிறது. விளையாட்டுப் பண்புக்கு மாறான நடத்தை என்ற பர்சனல் ஃபவுலின் கீழ், ஒரே டெக்னிக்கல் ஃபவுலைத் திரும்பத் திரும்பச் செய்வது ஒரு குற்றம். மைதானத்துக்குள் நுழையும் விதிகளை வேண்டுமென்றே மீறுவதும் அதே தலைப்பில் வரும். ஆக, முதல் முறை பிடித்தபோது 30 வினாடி என்றால், அடுத்த ஸ்லோ விசிலில் அதே ஆள் அதே பிடியைப் போடும்போது அதை 30 வினாடிக் குற்றமாகவே பார்க்க வேண்டிய கட்டாயம் நடுவருக்கு இல்லை. தண்டனையை நிமிடக் கணக்குக்கு ஏற்றலாம். கோல் விழுந்தாலும் அவரை வெளியே விடாத வகையில் ஏற்றவும் சில சமயம் இடம் உண்டு. சாதாரணத் தண்டனையில் எதிரணி கோல் போட்டதும் ஆள் திரும்பி வந்துவிடுவார். விடுவிக்க முடியாத தண்டனையில் எத்தனை கோல் விழுந்தாலும் முழு நேரமும் உட்கார வேண்டும். சமநிலைக்குப் போகக்கூடிய ஆட்டத்தில் இது நிஜமான அச்சுறுத்தல். வெள்ளை அணி கடைசி வினாடியில் கோல் போட்டுச் சமன் செய்துவிட்டால், நீல அணி கூடுதல் நேரத்தை ஓர் ஆள் குறைவாகத்தான் தொடங்கும்.

நோக்கத்துக்கான அடையாளங்கள் பெரும்பாலும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டக்கூடியவை. தடுப்பாளர் ஸ்டிக்கைக் கீழே விட்டுவிட்டு வெறுங்கையால் பிடிக்கிறார் என்றால் அவர் பந்துக்காகப் போராடவில்லை. பந்து 20 கஜம் தள்ளி இருக்கும்போது, பந்து வாங்க ஓடுபவரை ஒருவர் மறிக்கிறார் என்றால் அதுவும் அப்படியே. பயிற்சியாளர் பெஞ்சிலிருந்து 'பிடி, பிடி' என்று கத்துவது எல்லோர் காதிலும் விழும். மாறாக, ஓட்டத்தில் அரை அடி பின்தங்கி, ஸ்டிக்கைப் பந்தை நோக்கி நீட்டி, அது தோளில் பட்டுவிட்டால் அது தாமதமான முயற்சி மட்டுமே. கடிகாரத்தில் 8 வினாடி இருக்கிறது என்பதாலேயே அதை வேண்டுமென்றே செய்ததாகப் படிக்கக் கூடாது. என் பார்வையில் இளம் நடுவர்கள் தடுமாறுவது இங்கேதான். 'முன்னிலையில் இருக்கிறார்கள், ஆகவே திட்டமிட்டுத்தான் செய்திருப்பார்கள்' என்று சூழ்நிலையை வைத்து நோக்கத்தை ஊகிக்கிறார்கள். சூழ்நிலை எங்கே கவனிக்க வேண்டும் என்று சொல்லும், அவ்வளவுதான். தீர்ப்புக்கு உடலின் அசைவு வேண்டும்.

எல்லா வகையிலும் எனக்கு மிக மோசமாகப் படுவது ஆட்களைக் கூட்டி இறக்கும் தந்திரம். ஒரு கோல் முன்னிலை, 6 வினாடி மிச்சம், எதிரணி பந்தோடு வருகிறது. டைம்அவுட்டிலிருந்து திரும்பும்போது தடுக்கும் அணி இரண்டு பேரைக் கூடுதலாக அனுப்பிவிடுகிறது. கோலுக்கு முன்னால் கூட்டமாக நிற்கிறார்கள், ஷாட் போட இடமே இல்லை. நடுவர் கொடி வீசுவார். சாதாரணப் பார்வையில் அது 30 வினாடிக் குற்றம். ஆனால் ஆறு வினாடியில் ஆட்டம் முடிந்துவிடும். இங்கே யாருக்கும் அடிபடுவதில்லை, ஒரு வீரர் உணர்ச்சிவசப்படுவதும் இல்லை. முழுக்க முழுக்க பெஞ்சில் இருந்து வந்த முடிவு. பிடித்து நிறுத்துவதிலாவது ஒரு நொடிப் பதற்றம் இருந்தது என்று சொல்லலாம். இதற்கு அந்தச் சமாதானமும் கிடையாது.

மற்ற ஆட்டங்கள் இதே ஓட்டையைப் பார்த்திருக்கின்றன. 2016 நவம்பரில் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.-இல் பால்டிமோர் ரேவன்ஸ் அணி சின்சினாட்டி பெங்கால்ஸுக்கு எதிராக முன்னிலையில் இருந்தது. 11 வினாடி மிச்சம். பந்து பன்ட்டரிடம், அதாவது அதைத் தூர உதைக்க வேண்டியவரிடம், போனது. அவர் அதை உதைக்காமல் தன் முனையிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். மற்ற வீரர்கள் எதிரணியினரைக் கண்ணெதிரே பிடித்து நிறுத்தினார்கள். கொடிகள் விழுந்தன, நேரம் தீர்ந்தது. இரண்டு புள்ளி விட்டுக்கொடுத்து ஆட்டத்தை வென்றார்கள். அன்றைய விதியில் அதைத் தடுக்க வழியில்லை. 2017 பருவத்துக்கு அந்த லீக் விதியை மாற்றியது: கடிகாரத்தைக் கரைப்பதற்காக ஒரே ஆட்டத்துண்டில் பல ஃபவுல் செய்தால் அது விளையாட்டுப் பண்புக்கு மாறான நடத்தை, கடிகாரமும் பழைய இடத்துக்கே திரும்ப வைக்கப்படும். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில், தண்டனையை முழுதாக அனுபவிக்க நேரமில்லாத கட்டத்தில் வேண்டுமென்றே கூடுதல் ஆளை இறக்கினால் எதிரணிக்கு பெனால்டி ஷாட் கிடைக்கும். கோல்கீப்பர் ஒருவர் மட்டும், எதிரே ஒருவர் மட்டும். கடிகாரம் பொருட்டே இல்லை.

இந்த இரண்டு தீர்வுகளும் ஒரே விஷயத்தைப் புரிந்துகொண்டு செய்யப்பட்டவை. நேரம் மதிப்பிழந்துவிட்ட கட்டத்தில் நேரத்தால் தண்டிக்க முடியாது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதாவது நேரத்தை அல்லது வாய்ப்பை. உலகம் பார்த்த உதாரணம் 2010 கால்பந்து உலகக் கோப்பைக் காலிறுதி. கானாவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தின் கடைசித் தருணத்தில் உருகுவேயின் லூயிஸ் சுவாரெஸ் கோல் கோட்டில் நின்று பந்தைக் கையால் தடுத்தார். சிவப்பு அட்டை, பெனால்டி. அசமோவா கியான் அடித்த பெனால்டி குறுக்குக் கம்பத்தில் பட்டு வெளியே போனது. ஷூட் அவுட்டில் உருகுவே வென்றது. அந்த முடிவு இன்னும் பலருக்கு வலிக்கும். ஆனாலும் விதி தன்னால் முடிந்ததைச் செய்தது. கானாவுக்கு நிஜமான ஒரு வாய்ப்பு திரும்பக் கிடைத்தது. லாக்ரோஸில் அந்த 12 வினாடி உதாரணத்தில் வெள்ளை அணிக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

லாக்ரோஸிலேயே இதற்கு நல்ல பதில் வைத்திருக்கும் வடிவங்கள் உண்டு. பெண்கள் ஃபீல்ட் லாக்ரோஸில் கோலைச் சுற்றி 8 மீட்டர் வளைவு இருக்கிறது. அதற்குள் தடுப்பாளர் பெரிய ஃபவுல் செய்தால் தாக்குபவருக்கு ஃப்ரீ பொசிஷன் கிடைக்கும். வழி விட்டு மற்றவர்கள் விலகி நிற்க, அவர் கோலை நோக்கி நேராகப் போகலாம். மஞ்சள், சிவப்பு அட்டைகளும் உண்டு. அங்கே ஃபவுலின் விலை நேரமாக அல்லாமல் ஷாட்டாக இருப்பதால் கடைசி நிமிடத்திலும் அது தேயாது. கூரைக்குக் கீழ் ஆடும் பாக்ஸ் லாக்ரோஸ் ஐஸ் ஹாக்கியின் உறவினர். பெனால்டி ஷாட் அதன் விதிகளிலேயே இருக்கிறது. ஆண்கள் ஃபீல்ட் ஆட்டத்திலும் கடைசி நிமிடத்துக்கு இப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதுவரை நடுவர் இருக்கும் கருவிகளோடுதான் வேலை செய்ய வேண்டும். அந்த வேலையில் பெரும்பகுதி விசிலுக்கு முன்னால் நடப்பது.

கடைசி 2 நிமிடத்தில் ஆட்டம் நிற்கும் ஒவ்வொரு முறையும் நடுவர்கள் தங்களுக்குள் சில விஷயங்களைச் சரிபார்த்துக்கொள்வது நல்ல வழக்கம்: ஸ்கோர், மிச்ச நேரம், பந்து யாரிடம், யார் தண்டனையில் இருக்கிறார், எந்த அணிக்கு டைம்அவுட் மிச்சம். எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்களை எண்ணுவது. விசில் ஊதி ஆட்டத்தைத் தொடங்குமுன் ஒரு நடுவர் தாக்குபவர்களையும் இன்னொருவர் தடுப்பவர்களையும் எண்ணி, கையசைத்து உறுதி சொல்லிவிட்டால், மேலே சொன்ன கூடுதல் ஆள் தந்திரம் பிறக்கும் முன்பே செத்துவிடும். 12 பேர் நிற்பது தெரிந்தால் ஆட்டமே தொடங்காது. டைம்அவுட் முடியும்போது இரு பயிற்சியாளர்களிடமும் 'நாங்கள் எண்ணுகிறோம்' என்று ஒரு வரி சொல்லிவிடுவது இன்னும் நல்லது. வீரர்களிடம் பேசுவதும் அப்படித்தான். 'கையை எடு', 'விடு, விடு' என்று நெருங்கி நின்று சொல்லும் நடுவரின் குரல் தடுத்துவிடும் ஃபவுல்கள் ஏராளம்.

பந்து யாரிடமும் இல்லாமல் தரையில் உருளும் தருணம் தனிக் கவனம் கேட்கும். அந்த நேரத்தில் ஒருவர் எதிரணி வீரரைத் தள்ளினால் நடுவர் வழக்கமாக 'ப்ளே ஆன்' என்று குரல் கொடுத்துச் சற்றுக் காத்திருப்பார். தள்ளப்பட்ட அணியே பந்தை எடுத்துவிட்டால் ஆட்டம் அப்படியே தொடரும், இல்லாவிட்டால் விசில். முதல் கால்பகுதியில் இந்தக் காத்திருப்புக்கு இரண்டு வினாடி எடுத்தால் ஒன்றும் குடிமுழுகாது. 7 வினாடி மிச்சமிருக்கும்போது முன்னிலை அணி தள்ளினால் அதே இரண்டு வினாடி ஆட்டத்தின் பெரும் பங்கு. உடனே எடுப்பார்களா என்று ஒரு பார்வை. இல்லையென்றால் விசில் உடனே வர வேண்டும். கடிகாரம் நிற்கும், பந்து பாதிக்கப்பட்ட அணிக்குப் போகும். பந்தின் மேல் விழுந்து படுத்துக்கொள்வதும் ஸ்டிக்கால் தரையோடு அழுத்தி வைத்துக்கொள்வதும் இதே வகைதான். பந்தை ஆட்டத்திலிருந்து ஒளித்துவைப்பது என்று விதியில் அதற்குத் தனி இடமே உண்டு.

விசில் ஊதிய பிறகும் நேரம் திருட முயல்வார்கள். பந்து எதிரணிக்கு என்று தீர்ப்பானதும் அதைக் கீழே வைக்காமல் தூர எறிவது, ஆட்டம் தொடங்கும் இடத்திலிருந்து விதித்த தூரம் விலகாமல் முகத்துக்கு நேரே நிற்பது, கிளம்பவே மனமில்லாதவர் போல பெனால்டி பாக்ஸுக்கு நடப்பது. கடிகாரம் நின்றிருக்கும்போது இவை வினாடியைத் திருடுவதில்லை, எதிரணியின் வேகத்தைத் திருடுகின்றன. தடுப்பு ஒழுங்காகி நிற்க அவகாசம் கிடைத்துவிடுகிறது. ஆட்டத்தைத் தாமதப்படுத்துவதும் ஃபவுல்தான். முதல் முறையே தயங்காமல் அழைத்தால் இரண்டாம் முறை வராது. முதல் மூன்று கால்பகுதிகளில் இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் விட்ட நடுவர் கடைசி நிமிடத்தில் திடீரென்று கொடி வீசினால் இரண்டு பெஞ்சும் கொதிக்கும். அந்தக் கொதிப்பிலும் நியாயம் இருக்கும்.

நடுவரால் முடியாதவை எவை என்பதும் பார்வையாளர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நேரக் காப்பாளர் கடிகாரத்தை நிறுத்தத் தவறிவிட்டார் என்று உறுதியாகத் தெரிந்தால் நேரத்தைத் திருத்தலாம். ஆனால் 'இவர்கள் வேண்டுமென்றே பிடித்தார்கள், ஆகவே இன்னும் 5 வினாடி ஆடுங்கள்' என்று தன் விருப்பத்துக்குச் சேர்க்க முடியாது. பிடிக்காமல் விட்டிருந்தால் கோல் விழுந்திருக்கும் என்று ஊகித்து கோல் கொடுக்கவும் முடியாது. ஸ்லோ விசிலின் நடுவே, தாக்கும் அணிக்கு நேரம் மிச்சப்படட்டும் என்று தன் இரக்கத்தால் விசில் ஊதுவதும் சரியல்ல. அந்த நொடியில் ஒரு ஷாட் பறந்துகொண்டிருந்தால் அவரே ஒரு கோலை அழித்தவராகிவிடுவார். 2018 உலகச் சாம்பியன்ஷிப் இறுதியில் அமெரிக்காவும் கனடாவும் 8-8 என்று இருந்தபோது ஒரே ஒரு வினாடி மிச்சம் வைத்து டாம் ஷ்ரைபர் கோல் போட்டு அமெரிக்காவை வெல்லவைத்தார். ஒரு வினாடிக்கு அவ்வளவு மதிப்புள்ள ஆட்டத்தில் அதைத் தன் இஷ்டத்துக்குக் கொடுக்கவோ எடுக்கவோ நடுவருக்கு உரிமை இருக்கக் கூடாது.

ஸ்லோ விசில் ஓடும்போது இரண்டாவதாக ஒருவர் ஃபவுல் செய்தால் இரண்டாவது கொடியும் விழும். விசில் வந்ததும் இருவரும் வெளியே போவார்கள், ஆறுக்கு நான்கு. கடிகாரத்தில் 5 வினாடி இருந்தாலும் ஆறுக்கு நான்கு என்பது பயங்கரமான வித்தியாசம். பந்தை வைத்திருக்கும் ஒருவர் நிமிர்ந்து பார்த்தாலே யாரோ ஒருவர் தனியாக நிற்பார். தெரிந்தே ஃபவுல் செய்யும் அணிகள் கணக்குத் தப்புவது பெரும்பாலும் இங்கேதான். முதல் பிடியை மட்டும்தான் திட்டமிட்டிருப்பார்கள். அது வேலை செய்யாமல் பந்து அடுத்தவருக்குப் போனதும் பதற்றத்தில் இன்னொரு கை நீளும். அந்த இரண்டாவது கொடியைத் துணிந்து வீசும் நடுவர் வேண்டும். 'ஏற்கெனவே ஒன்று கிடக்கிறதே' என்று விட்டுவிடுவது, முதல் ஃபவுலுக்குப் பிறகு எல்லாமே இலவசம் என்று சொல்வதற்குச் சமம்.

இனி அந்த 12 வினாடி ஆட்டத்தை நல்ல நடுவர் குழு ஒன்றின் கையில் கொடுத்துப் பார்ப்போம். மூன்றாம் கால்பகுதியில் அதே தடுப்பாளர் இருமுறை பிடித்து இருமுறையும் கொடி வாங்கியிருக்கிறார். இரண்டாம் முறை நடுவர் அவரிடமும் கேப்டனிடமும் 'அடுத்தது வேறு மாதிரி இருக்கும்' என்று சொல்லியிருக்கிறார். கடைசி டைம்அவுட்டுக்குப் பிறகு ஆட்களை எண்ணியாயிற்று. 12 வினாடியில் கட்டிப்பிடி, கொடி. பந்து பக்கத்தில் போகிறது, இன்னொரு தடுப்பாளர் தள்ளுகிறார், இரண்டாம் கொடி. அவசர ஷாட், கோல்கீப்பர் பந்தைப் பிடிக்கிறார், அந்த நொடியே விசில். கடிகாரத்தில் 3 வினாடி. பிடித்தவருக்கு, திரும்பத் திரும்பச் செய்ததற்காக, விடுவிக்க முடியாத ஒரு நிமிடம். தள்ளியவருக்கு 30 வினாடி. பந்து வெள்ளை அணிக்கு, கோலுக்கு முன்னால் ஆறு பேருக்கு எதிரே நான்கு பேர். கோல் விழலாம், விழாமலும் போகலாம். விழுந்தால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போகும், பிடித்தவர் அப்போதும் வெளியேதான் உட்கார்ந்திருப்பார்.